சீமைச் சுண்ணாம்பு மலையில் ஓர் ஒற்றையடிப் பாதை

பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதும் வெள்ளைக் கட்டியை இப்போது எல்லோரும் 'சாக்பீஸ்' என்கிறோம். நம் பெரியவர்கள் அதற்கு வைத்த பெயர் 'சீமைச் சுண்ணாம்பு'. அதாவது, சீமையிலிருந்து வந்த சுண்ணாம்பு. அந்தச் சீமைக்கே போய், அந்தச் சுண்ணாம்பையே காலால் மிதித்துக்கொண்டு இரண்டு நாள் நடந்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும்?

வாருங்கள், போகலாம். படிக்கிறவர்களுக்கு டிக்கெட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். சாய்வு நாற்காலி ஒன்று போதும். நிஜமாகவே போகிறவர்களுக்காகவும் சில விவரங்களைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். பிள்ளையோ பெண்ணோ லண்டனில் குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் இன்று நம்மில் எத்தனையோ! பேரக் குழந்தையைப் பார்க்கப் போகிற பாட்டிமார்கள் அரண்மனையையும் கோபுரக் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, "லண்டன் பார்த்தாயிற்று" என்று திரும்பிவிடுகிறார்கள். லண்டனுக்குத் தெற்கே, ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில், வேறோர் இங்கிலாந்து இருக்கிறது. அதைப் பார்க்கக் கண் மட்டும் போதாது. கொஞ்சம் காலும் வேண்டும்.

விக்டோரியா ஸ்டேஷனில் ஏறி, லூயிஸ் என்ற ஊரில் வண்டி மாறி, பெர்விக் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து மூன்று மைல் தொலைவில் ஆல்ஃப்ரிஸ்டன் என்ற கிராமம். கிழக்கு ஸஸ்ஸெக்ஸ் ஜில்லாவில், கக்மியர் என்ற சிறு நதியின் கரையில் இருக்கிறது. சுற்றிலும் பச்சைப் பசேலென்று குன்றுகள். இந்தக் குன்றுகளுக்கு 'சவுத் டவுன்ஸ்' என்று பெயர்.

"டவுன் என்றால் கீழே என்றல்லவா அர்த்தம்? மேலே ஏறுகிற குன்றுக்கு இப்படியும் ஒரு பெயரா?" என்று நீங்கள் கேட்பீர்கள். பழைய ஆங்கிலத்தில் 'தூன்' என்றால் குன்று. அந்தச் சொல்தான் மருவி 'டவுன்' ஆயிற்று. ஆகவே டவுன்ஸுக்குப் போகிறவர்கள் மேலே ஏறுவதற்குத் தயாராகப் போக வேண்டும்!

வெள்ளை மண்ணின் கதை

நம் ஊர் மலைகளைப் போல இவற்றில் கரும்பாறையும் இல்லை, செங்குத்தான சரிவும் அதிகம் இல்லை. கட்டிலில் உறங்கும் குழந்தைகளின் மேல் பச்சைப் போர்வையைப் போர்த்தினால் எப்படி மேடும் பள்ளமுமாய் இருக்கும்? அந்த மாதிரி. புல்லுக்கு அடியில் ஒரு சாண் மண் கூட இல்லாத இடங்கள் உண்டு. அதற்குக் கீழே சுத்தமான வெள்ளை.

அந்த வெள்ளையின் வயதைக் கேட்டால் தலை சுற்றும். சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன்பு இந்தப் பிரதேசம் முழுவதும் கடல். அதில் மிதந்து வாழ்ந்த, கண்ணுக்கே தெரியாத பாசிகளின் ஓட்டுத் துகள்கள் கடலின் அடியில் படிந்துகொண்டே வந்தன. கோடிக்கணக்கான வருஷங்கள் படிந்து இறுகி, பிறகு பூமி மடிந்து மேலெழும்பியபோது குன்றாக நிமிர்ந்தன. நடுவே கரும் முடிச்சுக்களாகக் கிடக்கின்றன சக்கிமுக்கிக் கற்கள். ஆல்ஃப்ரிஸ்டனில் மாதா கோவிலும் மதில்களும் அந்தக் கற்களால் கட்டியவைதாம்.

சுண்ணாம்புப் பாறை தண்ணீரைக் குடித்துவிடும். மழை பெய்தால் மேலே தங்காது. குன்றின் மேல் ஓடையோ சுனையோ இல்லை. அதனால் ஆடு மேய்த்தவர்கள் குன்றின் மேல் பள்ளம் வெட்டி, களிமண்ணை மிதித்துப் பூசி, மழை நீரைத் தேக்கிச் சின்னக் குட்டைகள் உண்டாக்கினார்கள். 'பனிக் குட்டை' என்று அவற்றுக்குப் பெயர். பெயரில் பனி இருந்தாலும் நிரப்புவது பெரும்பாலும் மழைதான்.

பல நூற்றாண்டுகள் ஆடுகள் ஒட்டக் கடித்து மேய்ந்ததால், இங்கே புல் கம்பளம் போல் குட்டையாக இருக்கிறது. புல் என்று சொன்னேனே தவிர, ஒரு சதுர மீட்டரில் நாற்பது வகைச் செடி கொடிகள் வரை இருக்கக்கூடும்! கோடையில் அதில் நீல வண்ணத்துப் பூச்சிகள் பறக்கும். வானம்பாடி தலைக்கு மேல் பாடிக்கொண்டே இருக்கும். ஆனால் யுத்தத்தின்போதும் அதற்குப் பிறகும் தானியத்துக்காக உழுததில் இந்தப் புல்வெளியின் பெரும் பகுதி போய்விட்டது. உழ முடியாத சரிவுகளில் எஞ்சியிருப்பதுதான் இன்று நாம் காண்பது.

பத்துப் பவுனுக்கு ஒரு வீடு

கிராமத்துக்குள் போவோம். ஒரே ஒரு முக்கியத் தெரு. சந்தைச் சதுக்கத்தில் ஒரு பழைய கல் தூண். மரச் சட்டம் போட்ட பழங்காலச் சத்திரங்கள். தெருவுக்குப் பின்னால் 'டை' என்று சொல்லும் புல்வெளி. அதன் நடுவே செயின்ட் ஆண்ட்ரூ மாதா கோவில். சின்னக் கிராமத்துக்கு இவ்வளவு பெரிய கோவிலா என்று வியந்து, 'டவுன்ஸின் பேராலயம்' என்று அதற்குச் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கோவிலுக்குப் பக்கத்தில், கூரை வேய்ந்த ஒரு பழைய வீட்டைப் பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'கிளர்ஜி ஹவுஸ்', அதாவது பாதிரியார் வீடு என்று பெயர். 1890-களில் இடிந்து விழும் நிலையில் இருந்தது. "இடித்துத் தள்ளிவிடலாம்" என்ற பேச்சும் வந்துவிட்டது. ஊர்ப் பாதிரியார் மனசு கேட்காமல் உதவிக்கு அலைந்தார். அப்போது கை கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. ஆக்டேவியா ஹில் என்று பெயர்.

1838-ல் பிறந்த இந்த அம்மாள், லண்டனில் ஏழைகளுக்குக் கௌரவமான குடியிருப்புகள் ஏற்படுத்திப் புகழ் பெற்றவர். ஏழைக்கு ஓர் அறை மட்டும் போதாது, காலார நடக்கத் திறந்த வெளியும் வேண்டும் என்பது அவருடைய கட்சி. 1895-ல் இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து 'நேஷனல் டிரஸ்ட்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அழகான இடங்களையும் பழைய கட்டடங்களையும் வாங்கி, எல்லோருக்குமாகக் காப்பாற்றுவது அதன் வேலை. அந்த ஸ்தாபனம் வாங்கிய முதல் கட்டடம் இந்த ஆல்ஃப்ரிஸ்டன் வீடுதான். ஆண்டு 1896. விலை பத்துப் பவுன்! வாங்குவது சுலபமாக இருந்தது. பழுது பார்ப்பதற்குத்தான் அந்த அம்மாள் நாலு பேரிடம் கேட்டுப் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

உள்ளே கூடத்துத் தரையை மறக்காமல் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லை இடித்துப் பரப்பிக் கெட்டித்து, மேலே புளித்த பாலை ஊற்றி மெழுகிய தரை! சாணி மெழுகிய நம் ஊர்த் தரையை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? கையில் கிடைத்ததைக் கொண்டு தரையைப் பளிச்சென்று வைத்திருக்க வேண்டும் என்ற யோசனை, எந்தத் தேசமானாலும் குடித்தனக்காரிக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

இது யார் பாதை?

கோவிலுக்குப் பின்னால் கக்மியர் நதியின் மேல் நடைபாலம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால் நடை ஆரம்பம். முதலில் உங்களுக்கு ஒரு தயக்கம் வரும். எதிரே வேலி, வேலிக்கு அப்பால் யாரோ ஒருவருடைய நிலம். பயிரும் பச்சையுமாய் இருக்கிறது. "அடுத்தவர் வயலில் நாம் எப்படிக் கால் வைப்பது? நாயை அவிழ்த்துவிட்டால்?"

பயப்படாமல் போகலாம். வேலியருகே கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது பொது நடைபாதை. நீல அம்புக்குறி இருந்தால் குதிரையும் சைக்கிளும் போகலாம். நிலம் பண்ணைக்காரருடையது; ஆனால் அதன் குறுக்கே நடக்கும் உரிமை ஊருக்கெல்லாம் உண்டு. பிரபுவானாலும் சரி, நேற்று விமானத்தில் வந்திறங்கிய மயிலாப்பூர் மாமியானாலும் சரி, உரிமை ஒன்றுதான். பண்ணைக்காரர் பாதையைச் சேர்த்து உழுதால், விதைப்புக்கு முந்திய முதல் உழவானால் 14 நாளைக்குள், அதன் பிறகு 24 மணிக்குள் பழையபடி சீராக்கிக் கொடுக்க வேண்டும். வயலின் குறுக்கே போகும் நடைபாதைக்கு ஒரு மீட்டர் அகலமாவது விட வேண்டும் என்று சட்டம். இப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்ந்து சுமார் 1,40,000 மைல் பொதுப் பாதைகள் இருக்கின்றன.

இந்த உரிமையை யார் கொடுத்தார்கள்? ராஜா கொடுக்கவில்லை; கால்கள் சம்பாதித்தவை. கோவிலுக்கும் சந்தைக்கும் ஆலைக்கும் கிணற்றுக்கும் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் நடந்து நடந்து உண்டாக்கிய பாதைகள் இவை. இன்றும் ஒரு வழியில் 20 வருஷம் பொதுமக்கள் தடையில்லாமல், உரிமையோடு நடந்து வந்திருந்தால், அது பொதுப் பாதை என்று கோர முடியும். 1949-ல் ஒரு சட்டம் செய்து, அந்தந்த ஜில்லாவில் பாதைகளையெல்லாம் வரைபடத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவானது பிழைத்தது. பதிவாகாமல் விடுபட்டவை எத்தனையோ! அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

வேலியைத் தாண்ட விதவிதமான ஏற்பாடுகள் உண்டு. சில இடங்களில் இரண்டு பலகைப் படி. கால் தூக்கி ஏறி இறங்க வேண்டும். புடவைக்கு அது தோதுப்படாது. சல்வார் கமீஸ் உத்தமம். சில இடங்களில் அரைவட்ட அடைப்புக்குள் அசையும் சின்னக் கதவு. ஒருவர் நுழைந்து, கதவைத் தள்ளி, மறுபுறம் போகலாம். மாடு நுழைய முடியாது. கதவு இரண்டு பக்கமும் தொட்டும் தொடாமலும் உரசுவதால் இதற்கு 'முத்தமிடும் கதவு' என்று பெயர். பெயரைக் கேட்டு இளைஞர்கள் வேறு அர்த்தம் செய்துகொண்டால், அதற்கு நான் பொறுப்பல்ல!

முதல் நாள்: நெட்டை மனிதர்

பாலத்தைத் தாண்டி மேலே ஏறினால், மரங்களுக்கு நடுவே லல்லிங்டன் மாதா கோவில். இங்கிலாந்தின் மிகச் சிறிய கோவில்களில் ஒன்று. சுமார் பதினாறு அடிச் சதுரம். இருபது பேர் உட்காரலாம். முன்னொரு காலத்தில் பெரிதாக இருந்து, இடிந்தது போக மிஞ்சிய கர்ப்பக்கிருகம் போன்ற பகுதி மட்டுமே இது.

அங்கிருந்து விண்டோவர் குன்று. சுமார் 700 அடி உயரம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல். மறுபக்கம் கட்டம் போட்ட புடவையை விரித்த மாதிரி வயல்கள். குன்றின் வடக்குச் சரிவில்தான் பிரசித்தி பெற்ற 'வில்மிங்டன் நெட்டை மனிதர்' இருக்கிறார். இரண்டு கையிலும் இரண்டு கோல் பிடித்து, புல் சரிவில் கோட்டுருவமாக நிற்கிறார். உயரம் 235 அடி! கீழே வில்மிங்டன் கிராமத்திலிருந்து பார்த்தால்தான் முழு உருவமும் சரியாகத் தெரியும்.

ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழமை என்று நம்பி வந்தார்கள். 2003-ல் புதைபொருள் ஆராய்ச்சிக்காரர்கள் சரிவின் அடியில் தோண்டிப் பார்த்து, 16 அல்லது 17-ஆம் நூற்றாண்டில் உண்டானதாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நெட்டை மனிதருடைய வயது ஒரே நாளில் குறைந்துவிட்டது! இரண்டாவது உலக யுத்தத்தின்போது, எதிரி விமானத்துக்கு அடையாளமாகிவிடக் கூடாதென்று அவருக்குப் பச்சை வர்ணம் பூசி மறைத்து வைத்தார்களாம். இப்போது வெள்ளையடித்த கான்கிரீட் கட்டிகள் அவருடைய உருவத்தைக் காப்பாற்றுகின்றன.

போய் வர ஐந்து மைலுக்குள்தான். காலை பத்து மணிக்குக் கிளம்பினால், மத்தியானம் திரும்பி, ஜாமும் கிளாட்டட் கிரீம் என்னும் கெட்டிப் பாலாடையும் தடவிய 'ஸ்கோன்' ரொட்டியோடு டீ சாப்பிடலாம். சைவக்காரர்கள் முட்டை சேர்ந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள்: ஏழு சகோதரிகள்

மறுநாள் கடலை நோக்கி. நதிக் கரையோடு லிட்லிங்டன் கிராமம். எதிர்க்கரைக் குன்றில் 1924-ல் வெட்டிய வெள்ளைக் குதிரை உருவம். அப்பால் காட்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் வெஸ்ட்டீன் கிராமம். பிறகு படிகள் ஏறிக் குன்றின் விளிம்புக்கு வந்தால், கீழே கக்மியர் நதி பாம்பு போல் வளைந்து வளைந்து கிடக்கும் காட்சி! அங்கே எக்ஸீட் என்ற இடத்தில் ஈஸ்ட்போர்னுக்கும் பிரைட்டனுக்கும் பஸ் கிடைக்கும். கால் வலிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நடந்தது நஷ்டமாகாது.

மற்றவர்கள் கடற்கரை ஓரமாகக் குன்றேறலாம். இவைதாம் 'ஏழு சகோதரிகள்'. வரிசையாக ஏழு குன்றுகளைக் கடல் கத்தி போட்டு நறுக்கியது போல் நிற்கின்றன. கடலிலிருந்து பார்த்தால் பால் வெள்ளைச் சுவர். மேற்கே முதலில் நிற்கும் அக்காள்தான் எல்லோரிலும் உயரம்; சுமார் 250 அடி. ஒவ்வொரு குன்றாக ஏறி இறங்கி, பர்லிங் கேப் என்ற இடத்தை அடையும்போது முழங்கால் பேசும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. போட்டோ எடுக்கும் ஆசையில் விளிம்புக்குப் போகவே கூடாது. புல் இருக்கும், அதற்கு அடியில் பாறை இராது. கடல் அரித்துக்கொண்டே இருப்பதால் எந்த நிமிஷமும் சரிந்து விழலாம். கீழே கடற்கரையிலும் பாறையின் காலடியில் உட்காரக் கூடாது. பர்லிங் கேப்பில் வரிசையாக இருந்த வீடுகளைக் கடல் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக இடித்து அகற்ற வேண்டியிருந்தது. பக்கத்தில் பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கத்தை 1999-ல் அப்படியே பெயர்த்து, தண்டவாளம் போன்ற பாதையில் 17 மீட்டர் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள்!

கடல் மட்டுமா அரிக்கிறது? மனிதரும்தான். முதல் உலக யுத்தத்தின் சமயத்தில், இதற்கு மேற்கே குன்றின் மேல் மனைகள் போட்டு விற்று, பீஸ்ஹேவன் என்ற ஊரை உண்டாக்கினார்கள். "இதே கதி ஏழு சகோதரிகளுக்கும் வந்துவிடுமே!" என்று ஜனங்கள் பதைத்தார்கள். 1926-ல் பொதுமக்களிடம் பணம் சேர்த்து, இங்கே கிரௌலிங்க் என்ற பகுதியை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். 1929-ல் ஈஸ்ட்போர்ன் நகரசபை தன் பங்குக்குச் சுமார் 4,000 ஏக்கர் குன்று நிலத்தைப் பொதுச் சொத்தாக வாங்கியது. பின்னாளில் அதே நகரசபை அதில் பெரும் பகுதியை விற்றுவிட யோசித்தபோது, ஊரார் ஒன்று கூடி எதிர்த்தார்கள். 2017-ல் அந்த யோசனை கைவிடப்பட்டது. இதற்கிடையில், 2010-ல் சவுத் டவுன்ஸ் முழுவதும் தேசியப் பூங்காவாயிற்று.

தொலைந்துபோன பாதைகள்

பதிவாகாமல் விடுபட்ட பாதைகளின் கதையைச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். 2000-ல் வந்த ஒரு சட்டம், 1949-க்கு முந்திய பழம் பாதைகளைப் பதிவு செய்ய 2026-ஆம் வருஷம் வரை கெடு வைத்தது. அதற்குள் பதிவாகாவிட்டால் உரிமை போய்விடும். 'ராம்ப்ளர்ஸ்' என்ற நடைக்காரர் சங்கம் 2020-ல் ஒரு காரியம் செய்தது. பழைய படங்களையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே தேடினார்கள். கிடைத்த கணக்கு என்ன தெரியுமா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்ந்து 49,000 மைலுக்கு மேல், பதிவில் இல்லாத பாதைகள்! கெடு முதலில் 2031 வரை தள்ளிப்போயிற்று. 2024 டிசம்பரில் அரசாங்கம் கெடுவையே ரத்துச் செய்யப்போவதாக அறிவித்தது.

வீட்டுக்குப் பத்திரம் உண்டு. நகைக்கு ரசீது உண்டு. ஒற்றையடிப் பாதைக்கு என்ன இருக்கிறது? அதில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். நடப்பது நின்றால் முதலில் புல் மூடும், பிறகு முள் மூடும், அப்புறம் "இங்கே பாதையா? எப்போது?" என்று கேட்பார்கள். ஆல்ஃப்ரிஸ்டன் பாதைகள் இன்று திறந்திருப்பதற்குக் காரணம், பத்துப் பவுன் வீட்டைக் காப்பாற்றிய அம்மாளைப் போன்றவர்களும், ஞாயிற்றுக்கிழமைதோறும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பும் பெயர் தெரியாத ஜனங்களும்தான். அங்கே நடக்கப் போகும் நீங்களும் அந்தக் காவல்காரர்களில் ஒருவர் ஆகிறீர்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

மே மாதம் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். அப்போதும் மழைக் கோட்டு வேண்டும். செருப்பு உதவாது; பிடிப்புள்ள பூட்ஸ் அவசியம். நனைந்த சுண்ணாம்புப் பாதை, கஞ்சி கொட்டிய சமையலறைத் தரை போல வழுக்கும். குன்றின் மேல் தண்ணீர் கிடைக்காது. பாட்டிலில் எடுத்துப் போங்கள். எலுமிச்சஞ் சாதமும் வறுவலும் கட்டிக்கொண்டு போனால், விண்டோவர் உச்சியில் அதன் ருசியே தனி.

'ஆர்டினன்ஸ் சர்வே' வெளியிடும் பெரிய அளவு வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பொதுப் பாதைகளைப் பச்சைக் கோடுகளால் காட்டியிருக்கும். ஓக் மரக் காய் அடையாளம் போட்ட கம்பங்கள், ஈஸ்ட்போர்னிலிருந்து வின்செஸ்டர் வரை 100 மைல் போகும் 'சவுத் டவுன்ஸ் வே' பாதையைக் காட்டும். கடலோரமாக ஒன்றும் குன்றின் மேலாக ஒன்றுமாக வரும் அதன் இரண்டு கிளைகளும் ஆல்ஃப்ரிஸ்டனில்தான் சேருகின்றன.

வேலிக் கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். கன்றோடு நிற்கும் பசுவை விட்டு விலகி நடங்கள். எதிரே வருகிறவர் முகம் தெரியாதவரானாலும் "குட் மார்னிங்" சொல்வது அங்கே வழக்கம். நீங்களும் சொல்லுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, லண்டனில் இருக்கும் உங்கள் பிள்ளை, "அம்மா, இந்த ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடைக்குப் போகலாம்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

"கடை இருக்கட்டுமடா! பெர்விக்குக்கு டிக்கெட்டு வாங்கு" என்றுதானே?